முன் அனுபவம் இல்லாதவரை வகுப்பறை உதவியாளர் வேலைக்குப் பரிந்துரைக்கலாமா?

கேள்வி: நூலகம் ஒன்றில் சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வார இறுதி வாசிப்பு வகுப்புக்கு எட்டு மாதமாகத் தன்னார்வலராக வரும் 22 வயதுப் பெண் ஒருவர், ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பறை உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். பள்ளியில் வேலை பார்த்த அனுபவம் சுத்தமாக இல்லை. என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கிறார். நல்ல பெண், எழுதிக் கொடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அனுபவமே இல்லாதவரைப் பற்றி என்ன எழுதுவது? நாளைக்கு ஏதாவது சரியில்லை என்றால் என் பெயரல்லவா கெடும்?

பதில்: தாராளமாக எழுதுங்கள். அனுபவம் இல்லை என்பதற்கு ஒரே ஒரு வரி போதும். அதை மறைக்கவும் வேண்டாம், அதற்காக மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். மிச்சக் கடிதம் முழுக்க நீங்கள் கண்ணால் பார்த்ததாக இருக்கட்டும்.

எழுத உட்காரும் முன் வேலை விளம்பரத்தை வாங்கிப் படித்துவிடுங்கள். முன் அனுபவம் ‘இருந்தால் நல்லது’ என்று போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. ‘கட்டாயம்’ என்றிருந்தால், அனுபவமில்லாதவர்களையும் பார்ப்பார்களா என்று அந்தப் பெண்ணையே பள்ளியில் கேட்கச் சொல்லுங்கள். குறிப்பிட்ட ஒரு குழந்தைக்கான உதவியாளரா, வகுப்பு முழுமைக்குமானவரா என்பதையும் பாருங்கள். சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைக்கு என்றால் கழிப்பறைக்கு அழைத்துப்போவது, மருந்து நேரம், திடீரென்று வரும் கோபத்தைச் சமாளிப்பது எல்லாம் சேர்ந்து வரும். அதற்கெல்லாம் நூலக அனுபவத்தை வைத்து நீங்கள் உறுதி சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

இந்த வேலையில் எது முக்கியம் என்று தெரிந்தால் எதை எழுதுவது என்பதும் தெரிந்துவிடும். குழந்தைகளிடம் பாசமாக இருந்தால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பாசம் வேண்டும்தான். ஆனால் உதவியாளருக்கு அதைவிட அரிதாக அமைகிற குணம், கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது. பிரிட்டனில் 2003 முதல் 2009 வரை பள்ளி உதவிப் பணியாளர்களைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. உதவியாளரின் துணை அதிகம் கிடைத்த மாணவர்கள், அவர்களைப் போன்றே உள்ள மற்ற மாணவர்களைவிடக் குறைவாகத்தான் முன்னேறியிருந்தார்கள். ஆய்வாளர்கள் பழியை உதவியாளர்கள் மேல் போடவில்லை. பள்ளிகள் அவர்களைப் பயன்படுத்திய விதத்தையும், ஆசிரியரோடு உட்கார்ந்து பேசித் தயாராக நேரமே தராததையும்தான் சொன்னார்கள். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. குழந்தைக்குப் புரிந்ததா என்பதைவிட, கொடுத்த வேலையை முடிக்க வைப்பதிலேயே உதவியாளர்களின் கவனம் போனது. பென்சிலைப் பிடுங்கித் தாமே எழுதிக் கொடுத்துவிடும் நல்ல மனசுக்காரர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்!

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதையே 3 வினாடிக்கு மேல் நீட்டியதும் குழந்தைகளின் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேச ஆரம்பித்தார்கள். வாய் திறக்காமல் 3 வினாடி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது முயன்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பல வருட அனுபவம் இருந்தும் இது வராதவர்கள் உண்டு. அதனால்தான் அனுபவமில்லை என்ற ஒன்றை வைத்து இந்தப் பெண்ணைத் தள்ளிவிட வேண்டாம் என்கிறேன்.

இப்போது கடிதம். ‘அன்பானவர், பொறுமைசாலி, கடின உழைப்பாளி, குழந்தைகளை நேசிப்பவர்’ என்று எழுதினால், அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். தலைமையாசிரியர் இப்படிப்பட்ட கடிதங்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்திருப்பார். அதற்குப் பதில் எட்டு மாதத்தில் உங்கள் நினைவில் நிற்கும் ஒரு நிமிடத்தை எழுதுங்கள். உதாரணத்துக்கு இப்படி:

“ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ‘பட்டாம்பூச்சி’ என்ற சொல்லில் நின்றுவிட்டான். இவர் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லின் முன்பாதியைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டுக் காத்திருந்தார். அவன் ‘பூச்சி’ என்று படித்தான். விரலை எடுத்தார். முழுச் சொல்லையும் அவனே படித்து முடித்தான். அடுத்த வாரம் அதே சிறுவன் இன்னொரு சொல்லில் தானாகவே விரல் வைத்து மறைத்துப் பார்த்தான்.”

இது நான் கற்பனையாக எழுதியது. உங்கள் கடிதத்தில் நிஜமாக நடந்தது வர வேண்டும். குழந்தையின் பெயர் மட்டும் வேண்டாம். உடனே எதுவும் நினைவுக்கு வரவில்லையா? அடுத்த வகுப்பில் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். இரண்டு குழந்தைகள் ஒரே புத்தகத்துக்கு அடித்துக்கொள்ளும்போது என்ன செய்கிறார், ‘இதை இப்படிச் செய்யாதீர்கள்’ என்று நீங்கள் சொன்னால் முகம் சுருங்குகிறதா அல்லது மறுமுறை மாற்றிச் செய்கிறாரா, ஒரு குழந்தையின் வீட்டு விஷயத்தை மற்ற பெற்றோரிடம் பேசுகிறாரா என்று பாருங்கள். வகுப்பாசிரியருக்குக் கீழே வேலை பார்க்கப் போகிறவர் என்பதால், திருத்தினால் ஏற்றுக்கொள்வாரா என்பது பள்ளிக்கு ரொம்ப முக்கியம்.

கடிதத்தின் தொடக்கத்தில் நீங்கள் யார், எத்தனை மாதமாக, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அவரைப் பார்க்கிறீர்கள், அவரிடம் ஒரு நேரத்தில் எத்தனை குழந்தைகள் இருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். எட்டுப் பேர் என்றால் எட்டு என்றே எழுதுங்கள், ‘பல குழந்தைகள்’ வேண்டாம். அப்புறம் அந்த ஒரு வரி: “பள்ளி வகுப்பறையில் இவர் வேலை செய்ததில்லை, முழு வகுப்பின் நடுவே இவரை நான் பார்த்ததும் இல்லை.” இந்த வரி இருப்பதால்தான் மற்ற வரிகளை நம்புவார்கள். உங்கள் பெயர் கெடும் என்ற பயத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அனுபவமில்லாதவரைப் பரிந்துரைத்ததாக யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை. இல்லாததை இருப்பதாக எழுதினால்தான் சங்கடம்.

முடிந்தால் ஒரு யோசனையையும் சேருங்கள்: அரை நாள் வகுப்பில் வைத்து, சின்னக் குழு ஒன்றை அவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேலைக்கு ஆள் எடுப்பது பற்றிய ஆய்வுகளில், அனுபவ ஆண்டுகளை எண்ணுவதைவிட மாதிரி வேலை கொடுத்துப் பார்ப்பதுதான் ஆளை நன்றாகக் கணிக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். குழந்தைகளிடம் அவர் நடந்துகொள்ளும் விதத்தில் உங்களுக்கு ஏதாவது உறுத்தியிருந்தால், கை ஓங்கியதோ, தேவையில்லாமல் தனியே அழைத்துப்போனதோ எதுவானாலும், கடிதம் எழுதாதீர்கள். உறுத்தியதை நூலகப் பொறுப்பாளரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இதை அனுபவக் குறைவு என்ற கணக்கில் சேர்க்க முடியாது. உறுத்தல் எதுவும் இல்லை என்றாலும், பின்னணி விசாரணை பள்ளியின் வேலை. ‘இவருக்கு நான் முழுப் பொறுப்பு’ என்றெல்லாம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். உங்கள் போன் நம்பரைப் போடுங்கள், பெரும்பாலும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால், ‘வாய்ப்புக் கிடைத்தால் இவரை நீங்களே வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா?’ என்று கேட்கலாம். அதற்குத் தயங்காமல் ஆமாம் சொல்ல முடியுமா என்று கையெழுத்துப் போடும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். தயக்கம் இருந்தால், வேறு யாரையாவது கேட்டுப் பார்க்கும்படி அந்தப் பெண்ணிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கடைசித் தேதி நெருங்கியபின் சொன்னால் அவருக்கு வேறு வழி இருக்காது.