கை படாத காட்டில் மரங்கள் பட்டுப்போவது எதனால்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: யாரும் வெட்டாத மிதவெப்பக் காட்டில் மரங்கள் பெரும்பாலும் எதனால் சாகின்றன?

எண்ணிக்கையை வைத்துச் சொன்னால், நிழலால். கன்றுகள் நெருக்கமாக எழும்பும் இடத்தில், உயரத்தில் பிந்தியவை வெளிச்சம் கிடைக்காமல் மெல்லப் பட்டுப்போகும். விரல் பருமன், கைப் பருமன் மரங்கள்தான் இவை. சீக்கிரமே மக்கிவிடுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. புயலுக்கும் பூச்சிக்கும்தான் பெயர் போகிறது. நடுத்தரப் பருமனை எட்டிய மரத்துக்கு ஆபத்து குறைவு. பெருமரமானதும் காற்று, உள்ளழுகல், வறட்சி என்று மறுபடி கூடும்.

கேள்வி: பட்ட மரத்தில் வண்டுத் துளைகள் தெரிகின்றன. வண்டுதானே கொன்றது?

துளையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. செத்த பிறகு குடியேறும் வண்டினங்கள் ஏராளம். முதலில் பட்டையை உரித்துப் பாருங்கள். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில், தாய் வண்டு முட்டையிடக் குடையும் தாய்ச்சுரங்கங்கள் நெடுக்காக ஓடி, புழுக்களின் சுரங்கங்கள் அவற்றிலிருந்து குறுக்கே கிளைத்தால், இப்ஸ் டைப்போகிராஃபஸ் என்ற பட்டை வண்டாக இருக்கக்கூடும். இது உயிருள்ள மரத்தையும் கொல்லக்கூடியது. அடுத்து, அடிமரத்து மண்ணை விலக்கி, வேர் தொடங்கும் இடத்தில் பட்டையைக் கத்தியால் பெயர்த்தெடுங்கள். விசிறி வடிவில் வெள்ளைப் பூஞ்சைப் படலமும் காளான் வாசமும் இருந்தால் ஆர்மில்லாரியா வேரழுகல்.

இரண்டும் இருந்தால்? தண்டுக்குள் வழக்கமாக ஆண்டுக்கு ஒன்றாகப் படியும் வளையங்களைத்தான் கேட்க வேண்டும். நெஞ்சளவு உயரத்தில், அதாவது 1.3 மீட்டரில், துளைப்பானால் தண்டைக் குடைந்து மெல்லிய மர மாதிரி எடுங்கள். கடைசி வளையங்கள் பல ஆண்டுகளாகக் குறுகிக்கொண்டே வந்திருந்தால் மரம் வெகுகாலமாக நலிந்திருக்கிறது. வண்டு கடைசி அடி மட்டுமே. அகலமான வளையத்தோடு திடீரென நின்றிருந்தால் வண்டுப் பெருக்கத்தையோ வேறொரு திடீர்த் தாக்குதலையோ சந்தேகிக்கலாம். ஒரு எச்சரிக்கை: நலிந்த மரம் சில ஆண்டுகளில் வளையமே போடாது. பக்கத்து உயிர்மரங்களின் வளையங்களோடு பொருத்திப் பார்க்காமல் செத்த ஆண்டைக் குறித்துவிடாதீர்கள்.

கேள்வி: வறட்சி முடிந்த பிறகும் பீச் மரங்கள் சாவது ஏன்?

மத்திய ஐரோப்பாவில் 2018 வறட்சிக்குப் பின் நடந்தது இதுதான். மண் காயும்போது மரத்தின் நீர்க்குழாய்களைக் காற்றுக்குமிழிகள் அடைத்து உச்சிக்கிளைகள் காய்கின்றன. சல்லிவேர்கள் சாகின்றன, சேமித்த மாச்சத்தும் கரைகிறது. மழை திரும்பினாலும் எதிர்த்து நிற்கத் தெம்பு இருக்காது. வழக்கமாக அடங்கிக் கிடக்கும் பூஞ்சைகள் அப்போது முந்திக்கொள்ளும்.

கேள்வி: காற்றில் சில மரங்கள் வேரோடு சாய்கின்றன, சில நடுவில் முறிகின்றன. ஏன்?

ஈர மண், ஆழமில்லாத வேர் என்றால் சாயும். வேர்ப்பிடி உறுதியாக இருந்து தண்டு உளுத்திருந்தால் முறியும்.

கேள்வி: 25 ஆண்டுகளில் 100 மரங்களில் 50 செத்தன. ஆண்டுக்கு 2% இறப்பு என்று எழுதலாமா?

கூடாது. ஒவ்வோர் ஆண்டும் மிச்சமிருக்கும் மரங்களில் 2% செத்தால் 25 ஆண்டில் சுமார் 60 நிற்க வேண்டும். மிஞ்சியதைத் தொடக்க எண்ணிக்கையால் வகுத்து (0.5), அதன் 25ஆம் மூலத்தைக் கண்டு, 1இலிருந்து கழியுங்கள்: ஏறக்குறைய 2.7%. அதைவிட முக்கியம், மரங்களுக்கு எண் தகடு அடித்து 5 ஆண்டுக்கு ஒருமுறை அளப்பது. இரண்டு அளவீடுகளுக்கு நடுவே முளைத்துச் செத்த கன்றுகளை எந்தச் சூத்திரமும் மீட்டுத் தராது.