அடிச்சுட்டா ஜூன்ல எழுதிக்கலாமா, டீச்சர்?

பொதுத்தேர்வு நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் முகமே மாறிவிடுகிறது. எப்படிப் படிப்பது என்று யாரும் கேட்பதில்லை. "மறந்துட்டா என்ன ஆகும்", "மாட்டினா என்ன செய்வாங்க" என்பதுதான் முக்கால்வாசி. அறைக் கண்காணிப்பாளர், துறை அலுவலர், முதன்மைக் கண்காணிப்பாளர், திருத்தும் முகாமில் முதன்மைத் தேர்வாளர் என்று எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து ஓய்வுபெற்றவள் நான் என்பதால் ஆசிரியர் குழு மொத்தக் கட்டையும் என் பக்கம் தள்ளிவிட்டது. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தார்கள். அதனால் யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும்தான்.

பத்தாம் வகுப்பு மாணவி, தேனி: பத்து மணிக்கே கொஸ்டின் பேப்பர் குடுத்துட்டு பத்தேகாலுக்குத்தான் எழுத விடுவாங்களாமே டீச்சர். அந்தக் கால் மணி நேரம் என்ன செய்யணும்?

முதல் பத்து நிமிஷம் வினாத்தாளைப் படிக்க. அடுத்த ஐந்து நிமிஷம் விடைத்தாளின் முகப்பைச் சரிபார்க்க. 10.15க்கு எழுத ஆரம்பித்தால் 1.15 வரை முழு மூன்று மணி நேரம் உனக்கு.

அதற்கு முன்னாலேயே ஒரு வேலை இருக்கிறது. வினாத்தாள் உறையை அறையில் பிள்ளைகள் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும். பிரிக்கும் முன் உங்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, உறை ஒட்டுக் கலையாமல் இருக்கிறது என்று கையெழுத்து வாங்குவார்கள். நான் பார்த்த பிள்ளைகள் பாதிப் பேர் பதற்றத்தில் உறையைப் பார்க்காமலே போட்டுவிடுவார்கள். உன்னைக் கூப்பிட்டால் உறையைக் கையில் வாங்கு. மேலே இருக்கும் பாடமும் தேதியும் அன்றைக்கு உரியவைதானா என்று பார். திருப்பிப் பார்த்து ஒட்டைக் கவனி. பிறகு கையெழுத்துப் போடு. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வேறு நாளின் உறை பிரிந்துவிட்டால் ஆகும் ரகளை எங்களுக்குத்தான் தெரியும்.

முகப்புத்தாளில் உன் போட்டோ, பெயர், பதிவெண், பாடம், பயிற்றுமொழி எல்லாம் அச்சாகியிருக்கும். ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார். ஏதாவது தவறு என்றால் எழுதத் தொடங்கும் முன் எழுந்து சொல். பெயர் அச்சிடாத முகப்புத்தாள் மையத்தில் தனியாக வைத்திருப்பார்கள். எல்லாம் சரியென்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு வினாத்தாளுக்குத் திரும்பு. உள்பக்கங்களில் பெயரோ பதிவெண்ணோ எங்கேயும் வரக் கூடாது. பிள்ளையார் சுழியும்தான். அதை மனசுக்குள் போட்டுக்கொள்.

மாணவி, கரூர்: தலைப்பை எல்லாம் ஸ்கெட்ச் பேனாவில் எழுதினால் பேப்பர் அழகாக இருக்குமே?

வேண்டாம்மா. நீலம் அல்லது கறுப்பு, அவ்வளவுதான். படத்துக்கு பென்சில். திருத்துபவருக்குத் தேவை பளிச்சென்ற கேள்வி எண். வானவில் வேண்டியதில்லை.

ஒரு அப்பா, நாமக்கல்: மகன் பிளஸ் டூ. "பேப்பர் கஷ்டமா இருந்தா எழுதினதை எல்லாம் அடிச்சுட்டு ஃபெயிலாகி, ஜூன்ல எழுதி நல்ல மார்க் வாங்கிக்கிறேன். போன வருஷ அண்ணன்கள் சொன்னாங்க" என்கிறான். அப்படிச் செய்யலாமா டீச்சர்?

இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். செய்யவே கூடாது.

அவன் கணக்கு எனக்குப் புரிகிறது. தேர்ச்சி பெற்ற பாடத்தை மறுபடி எழுதி மதிப்பெண் கூட்டிக்கொள்ள இப்போது வழியில்லை. ஒரு காலத்தில் இருந்தது, எடுத்துவிட்டார்கள். ஆகவே கட்-ஆஃப் குறையும் என்று பயந்தால், வேண்டுமென்றே தோற்றுத் துணைத்தேர்வில் ஏறிவிடலாம் என்று எவனோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்தான். அது ஊர் ஊராகப் பரவிவிட்டது. பரவியதால்தான் விதியும் வந்தது. தான் எழுதிய எல்லா விடைகளையும் தானே கோடிட்டு அடித்தால் அது ஒழுங்கீனச் செயல். அந்தத் தேர்வின் முடிவு நிறுத்தி வைக்கப்படும். அடுத்த இரண்டு பருவங்களுக்குத் தேர்வு எழுத அனுமதி கிடையாது. இரண்டு பருவம் என்றால் என்ன? அவன் நம்பியிருக்கும் துணைத்தேர்வு ஒன்று, அடுத்த மார்ச் இன்னொன்று. கல்லூரிக் கனவு ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போகும். எந்த அண்ணனும் இதைச் சொல்லியிருக்க மாட்டான்.

நான் முதன்மைக் கண்காணிப்பாளராக இருந்த ஒரு மையத்தில் நடந்தது. வேதியியல் தேர்வு. பன்னிரண்டரை வரை தலை நிமிராமல் எழுதிய பையன். ஒரு கணக்கில் இடறியிருக்கிறான். பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறான். பிறகு ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை ஒரு கோடு. ஸ்கேல் வைத்து! அறைக் கண்காணிப்பாளர் கவனித்துக் கிட்டே போவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. மணி அடித்ததும் அந்தத் தாளை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். நானும் ஒரு வேதியியல் ஆசிரியைதான். கோட்டுக்கு அடியில் படித்தேன். சமன்பாடுகள் சரி, வரையறைகள் சரி, ஒரு மாதிரி நல்ல மதிப்பெண் வரவேண்டிய தாள். ஆனால் அறிக்கை எழுதி அனுப்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. அவன் அம்மா கேட்டுக்கு வெளியே டிபன் பாக்ஸோடு நின்றிருந்தார்.

ஒரு விடை தவறு என்று தோன்றினால் அதை மட்டும் அடித்துவிட்டு வேறு பக்கத்தில் திருத்தி எழுதுவதில் தவறே இல்லை. எங்கள் மையத்தில், அடித்த இடத்தில் 'என்னால் அடிக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதச் சொல்லுவோம். பின்னால் யாரும் சந்தேகப்பட இடமிருக்காது. இன்னொன்று, தேர்வு நடக்கும்போது தன் மதிப்பெண்ணைத் தானே மதிப்பிடும் எந்தப் பிள்ளையும் சரியாக மதிப்பிட்டு நான் பார்த்ததில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் மிக மோசம்.

ஒரு அம்மா, மணப்பாறை: பத்தாவதில் என் பையனுக்கு அறிவியல் எழுத்துத் தேர்வில் 18, செய்முறையில் முழு 25. மொத்தம் 43. 35 எடுத்தால் பாஸ் என்கிறார்கள், இவனுக்கு ஃபெயில் என்று வந்திருக்கிறது. தப்பாகப் போட்டுவிட்டார்களா?

தப்பில்லை அம்மா. அறிவியலில் மூன்று கதவுகள் இருக்கின்றன. எழுத்துத் தேர்வில் 75க்குக் குறைந்தது 20, செய்முறையில் 25க்குக் குறைந்தது 15, இரண்டும் சேர்த்து 35. பையன் முதல் கதவில் இரண்டு மதிப்பெண் குறைவாக நிற்கிறான். துணைத்தேர்வுக்கு உடனே பள்ளியில் விண்ணப்பம் கொடுங்கள். தேறிவிட்டால் இந்த வருஷமே பதினொன்றில் சேரலாம். செய்முறை கையில் முழுசாக இருக்கிறது, எழுத்துத் தாளுக்கு மட்டும் படித்தால் போதும். வீட்டில் திட்டாதீர்கள்.

வாசகர், ஆம்பூர்: எங்கள் ஊர் ஆசிரியர்களே எங்கள் பிள்ளைகள் தாளைத் திருத்துகிறார்களா? தெரிந்தவர்கள் மூலம் சொல்லி வைக்க முடியும் என்று ஒருவர் பணம் கேட்கிறார்.

பணம் கேட்பவரைக் காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள். தேர்வு முடிந்ததும் தாள்கள் கட்டாகி, முத்திரை வைத்து, அன்றே மையத்தை விட்டுக் கிளம்பிவிடும். பெயரும் போட்டோவும் உள்ள பகுதியைக் கிழித்து எடுத்துவிடுவார்கள். தாளில் மிஞ்சுவது பார்கோடு மட்டும். அதன்பின் வேறு மாவட்டத்து முகாமுக்குப் போகும். உதவித் தேர்வாளர் முன்னால் வரும் தாள் யாருடையது, எந்த ஊர், ஆணா பெண்ணா என்று அவருக்கே தெரியாது. உங்கள் ஆளுக்கு எப்படித் தெரியும்?

முகாமில் திருத்துவது ஒருவர் கையோடு முடிவதில்லை. விடைக்குறிப்பு சென்னையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலிருந்து வரும். உதவித் தேர்வாளர் அதை வைத்துத் திருத்துவார். விட்டுப்போன விடை உண்டா, கூட்டல் சரியா என்று கூர்ந்தாய்வாளர் பார்ப்பார். முதன்மைத் தேர்வாளர் சில தாள்களை எடுத்து மறுபடி பார்ப்பார். அந்த நாற்காலியில் இருந்தபோது நான் கண்ட ஒன்றை மாணவர்களுக்குச் சொல்கிறேன். கேள்வியே தவறாக அச்சாகியிருந்தால், "அந்த எண்ணை எழுதி விடையளிக்க முயன்றிருந்தால் முழு மதிப்பெண்" என்று சில சமயம் விடைக்குறிப்பில் வரும். புரியாத கேள்வி என்று எண்ணையே போடாமல் விட்ட பிள்ளைக்கு அந்த மதிப்பெண்ணைக் கொடுக்க எங்களால் முடியாது. தெரிந்த வரைக்கும் இரண்டு வரியாவது எழுதுங்கள்.

ஒரு அம்மா, கோவை: மகளுக்கு டிஸ்லெக்சியா. எல்லாம் சொல்லுவாள், எழுத வராது. ஜனவரியில் பள்ளியில் கேட்டால் "இனிமேலா?" என்கிறார்கள்.

அவர்கள் இழுப்பது தவறு. நீங்கள் தாமதித்ததும் உண்மை. பத்தாம் வகுப்பு தொடங்கிய ஜூனிலேயே இந்த வேலையை ஆரம்பிக்க வேண்டும். மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பம் போய், அங்கிருந்து ஆணை வர வேண்டும். இன்றைக்கே தலைமையாசிரியரை எழுத்து மூலம் கேளுங்கள். உங்கள் மாவட்டத்தின் அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும் நேரில் போய்ப் பேசுங்கள்.

கிடைக்கக்கூடிய சலுகைகள் இவை: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதும் ஆள், மொழிப்பாட விலக்கு, தரைத்தளத்தில் அறை. எது வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

ஆணை வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். சொல்லி எழுத வைப்பதற்கும் பழக்கம் வேண்டும். எழுதுபவர் ஒரு ஆசிரியர்தான், ஆனால் பிள்ளை சொன்னதைத்தான் எழுதலாம். "அடுத்த பத்தி", "இதற்குக் கீழே கோடு", "மூன்றாவது வரியை அடியுங்கள்" என்று சொல்லத் தெரியாமல் தடுமாறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் தினம் ஒரு கேள்விக்கு நீங்கள் எழுதுபவராக உட்காருங்கள். வாயை மட்டும் திறக்காதீர்கள்.

பிளஸ் டூ முடித்தவர், திருநெல்வேலி: உயிரியலில் எதிர்பார்த்ததைவிடப் பதினைந்து குறைவு. மறுகூட்டலா, மறுமதிப்பீடா?

மறுமதிப்பீடு கேட்க வேண்டுமானால் முதலில் விடைத்தாள் நகல் வாங்கியிருக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் நகலுக்குப் பாடத்துக்கு 275 ரூபாய், மறுமதிப்பீட்டுக்கு 505. மறுகூட்டல் மற்ற பாடங்களுக்கு 205, உயிரியலுக்கு மட்டும் 305. நகல் வந்ததும் நீயே பார்த்து முடிவெடுக்காதே. பாடம் நடத்திய ஆசிரியரிடம் கொண்டுபோய், விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்து, கேள்வி கேள்வியாகப் பாருங்கள். கூட்டல் பிழையும் திருத்தாமல் விட்ட விடையும் மறுகூட்டலில் தீரும். விடைக்குக் கொடுத்த மதிப்பெண்ணே குறைவு என்று ஆசிரியரும் சொன்னால்தான் 505 கட்டு. விண்ணப்பிக்கச் சில நாள்தான் தருவார்கள், கல்யாண வீடு, கோவில் என்று ஊர் சுற்றிவிடாதே.

முதல் முறை கண்காணிப்புக்குப் போகும் ஆசிரியர், விழுப்புரம்: எந்த அறை என்று முதல் நாளே தெரிந்தால் வசதியாக இருக்குமே அம்மா? ஏன் தினமும் குலுக்கல்?

தெரியக் கூடாது என்பதற்காகத்தான் குலுக்கல். உங்கள் பாடத் தேர்வு நாளில் உங்களுக்குக் கண்காணிப்பே இருக்காது. செல்போனை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அது பிள்ளைகளுக்கு மட்டுமான தடை இல்லை. ஒரு அறைக்கு இருபது பேர். உட்காராமல் நடங்கள், ஆனால் செருப்புச் சத்தம் வேண்டாம். துண்டுச்சீட்டு கிடைத்தால் அறையில் கூச்சல் போடாதீர்கள். மற்ற பத்தொன்பது பேரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

மாணவி, ஒட்டன்சத்திரம்: பறக்கும் படை வந்தா எனக்குக் கை நடுங்கும் டீச்சர்.

உன்னிடம் துண்டுச்சீட்டு இல்லை என்றால் அவர்களுக்கு உன்னிடம் வேலையே இல்லை. எழுந்து நிற்க வேண்டியதில்லை, வணக்கம் சொல்ல வேண்டியதில்லை. எழுதிக்கொண்டே இரு. வரும் முன் ஸ்கேல், பாக்ஸ், ஹால் டிக்கெட் பின்பக்கம் மூன்றையும் ஒருமுறை பார்த்துக்கொள். வாய்ப்பாட்டையோ ஃபார்முலாவையோ விளையாட்டாகக் கிறுக்கி வைத்து மறந்துபோன பிள்ளைகள்தான் அழுவார்கள்.

இளைஞர், மதுரை: 2021இல் பத்தாவது. என் சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லை, வேலைக்குப் போனால் சிரிக்கிறார்கள்.

கொரோனாவால் அந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்கவில்லை. எல்லோருக்கும் 'தேர்ச்சி' என்று மட்டும்தான் சான்றிதழ் வந்தது. 2020இலும் தேர்வு ரத்துதான், ஆனால் அந்த வருஷம் காலாண்டு, அரையாண்டுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டு மதிப்பெண் போட்டார்கள். உங்களுடையது முறையான சான்றிதழ். சிரிப்பவருக்கு அந்த வருஷத்தை ஞாபகப்படுத்துங்கள், பிளஸ் டூ மதிப்பெண்ணைக் காட்டுங்கள்.

ஒரு தாத்தா, தஞ்சாவூர்: பேத்தியின் இனிஷியல் ஒரு இடத்தில் கே, இன்னொரு இடத்தில் ஆர். பரீட்சை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

முடிந்த பிறகு அலைச்சல் ஐயா. தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப் பட்டியல் தயாராகும்போது பிள்ளையிடமும் பெற்றோரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அங்கே உள்ளபடிதான் தமிழிலும் ஆங்கிலத்திலும் சான்றிதழில் அச்சாகும். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே பள்ளிக்குப் போங்கள். பிறந்த தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இனிஷியலைக்கூடப் பின்னால் எப்படியாவது மாற்றலாம். தேதியை மாற்ற கோர்ட் வாசலில்தான் நிற்க வேண்டிவரும்.