பிராசஸருக்குப் பெரிய ஏர் கூலரா, லிக்விட் கூலரா?

ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற சிப்பில் கேம் ஆடுபவருக்கு நல்ல ஏர் கூலரே போதும். இன்டெல் ஐ9-14900கே வாங்கி மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்பவர் 360 மி.மீ. ரேடியேட்டர் (திரவத்தின் சூட்டைக் காற்றில் விடும் தகட்டுப் பகுதி) உள்ள லிக்விட் கூலருக்குப் போகலாம். அந்தச் சிப்பின் டர்போ மின்வரம்பே, அதாவது முழு வேகத்தில் ஓடும்போது அது இழுக்கும் மின்சாரத்தின் வரம்பே, 253 வாட்.

லிக்விட் என்றதும் ஏதோ ஃபிரிட்ஜ் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டிலும் கடைசியில் சூட்டை வெளியேற்றுவது தகடுகளும் ஃபேனும்தான். அறைக் காற்றைவிடக் குளிர வைக்க இரண்டாலும் முடியாது. உள்ளே இருக்கும் திரவம் சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதனால் ஐந்து நிமிட டெஸ்ட்டில் லிக்விட் கூலர் பிரமாதமாகத் தெரியும், அதை நம்ப வேண்டாம்.

ஏர் கூலரில் கெட்டுப்போக ஃபேனைத் தவிர பெரிதாக எதுவும் இல்லை. லிக்விட் கூலரில் திரவத்தைச் சுற்றவிடும் பம்ப் நின்றால் பெரும்பாலும் மொத்தத்தையும் மாற்ற வேண்டியதுதான்.

சரி, ஏர் கூலரில் என்ன தொல்லை? இடம். நாக்டுவா என்ஹெச்-டி15 என்ற ஏர் கூலரின் உயரம் 165 மி.மீ., ஃபேனோடு எடை சுமார் 1.3 கிலோ. கம்ப்யூட்டர் கேஸ் மூடுமா, ராம் (மெமரி) இடிக்குமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். அப்புறம், லிக்விட் எடுத்தால் பம்ப்பைவிட ரேடியேட்டரின் மேல்முனை உயரமாக இருக்கும்படி மாட்டுங்கள். இல்லாவிட்டால் காற்றுக்குமிழி பம்ப்பில் சேர்ந்து களகளவென்று சத்தம் போடும்.