சேற்று மாதிரியில் எதைக் காலக்கணிப்புக்கு அனுப்புவது?

கேள்வி: சிங்கப்பூரின் கிராஞ்சி அலையாத்திச் சதுப்புநிலத்தில் துளையிட்டு எடுத்த மூன்று மீட்டர் சேற்று மாதிரி எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. பழைய கடல்மட்டத்தை அறிவதுதான் இறுதியாண்டுத் திட்டம். வயதைக் கணிக்கும் கார்பன்-14 சோதனைக்கு இரண்டு மாதிரிகள்தான் அனுப்ப முடியும். எங்கிருந்து எடுக்கலாம்?

பதில்: சேற்றை அப்படியே அள்ளி அனுப்பாதீர்கள். மேலே நிற்கும் மரத்தின் வேர் கீழே இறங்கினால் வயது குறைவாக வரும். ஆற்றோடு வந்த பழைய கரிமம் (கார்பன்) கலந்தால் கூடுதலாக வரும். சேற்று இறால் தோண்டும் வளையோ ஒரு மீட்டருக்கும் கீழே போய் அடுக்குகளைக் கலக்கும். இலைத்துணுக்கு, சுள்ளி, விதை இவற்றையே தேடுங்கள். இலை படுக்கைவாட்டில் கிடக்கும். அடுக்கை ஊடுருவிச் செங்குத்தாக இறங்குவது வேர், அதை ஒதுக்குங்கள்.

முதல் மாதிரியை அடிமட்டத்தில் எடுங்கள்: கெட்டியான பழைய நிலத்தின் மேல் சதுப்புநிலச் சேறு தொடங்கும் முதல் ஒரு சென்டிமீட்டர். அதற்குக் கீழே அமுங்கக்கூடிய மென்சேறு இல்லாததால் அதன் உயரத்தை நம்பலாம். நடுவில் எடுத்தால் வயது சரியாக இருந்தாலும், அடிச்சேறு அமுங்கியிருப்பதால் கடல்மட்டம் உண்மையைவிடத் தாழ்வாகத் தெரியும்.

இரண்டாவது, சதுப்புநிலச் சேறு முடிந்து சிப்பித்துண்டு நிறைந்த சாம்பல்நிறக் கடற்களிமண் தொடங்குமிடத்துக்குச் சற்றுக் கீழே. அது உயரத்துக்கு அல்ல, காலத்துக்கு. கடல் ஆண்டுக்கு ஏறத்தாழ 6, 7 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் அலையாத்தி மரங்கள் ஈடுகொடுப்பது அரிது. கிராஞ்சியில் அவை எப்போது தோற்றன என்பதை அந்த எல்லைதான் காட்டும். இன்றைய கடல்மட்ட உயர்வை எண்ணும்போது, இந்த விடைதான் மிகவும் தேவை. ஆனால் எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் அலை அரித்த அடுக்கு காணாமல் போயிருக்கலாம். படிப்படியாக மாறினால் மட்டும் எடுங்கள்.

250 மைக்ரான் சல்லடையில் காய்ச்சி வடித்த நீரால் அலசி, நுண்ணோக்கியின்கீழ் எஃகு இடுக்கியால் பொறுக்குங்கள். உலர்ந்தபின் 10 மில்லிகிராம் இருந்தால் தாராளம். 50 டிகிரிக்கு மிகாமல் உலர்த்திக் கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். காகிதமும் பஞ்சும் வேண்டாம், அவற்றின் நாரே புதிய கரிமம். ஈரச்சேற்றை மாதக்கணக்கில் அறைவெப்பத்தில் விட்டால் பூஞ்சை பிடித்து வயது கெடும். 4 டிகிரி குளிரில் வையுங்கள்.

மேல் 30 சென்டிமீட்டருக்குக் கார்பன்-14 செலவு வீண். கடந்த முந்நூறு ஆண்டுகளுக்கு அது பெரும்பாலும் தெளிவான விடை தராது. அண்மைக்கால அடுக்குகளின் வயதைக் காட்டும் ஈயம்-210 சோதனை அங்கே உதவும்.

துளையிட்ட இடத்தின் தரைமட்டத்தை அளந்தீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். மேற்பரப்பிலிருந்து எத்தனை மீட்டர் என்பது மட்டும் போதாது. அலையாத்தி மரங்கள் சராசரிக் கடல்மட்டத்துக்கும் உச்ச ஓதத்துக்கும் (கடல் ஏறும் மிக உயர்ந்த மட்டம்) இடையே வளர்பவை. சிங்கப்பூரில் அந்த இடைவெளியே ஒரு மீட்டருக்கு மேல், ஆகவே அந்தப் பிழைவரம்பையும் முடிவோடு சேர்த்தே எழுதுங்கள்.