மாடு மேய்க்கவா கனடா வந்தோம்?

வட அமெரிக்கப் பூர்வகுடிகள் தங்கள் நிலத்துக்கு பைசன் (மாட்டினத்தைச் சேர்ந்த பெரிய காட்டு விலங்கு) மந்தைகளைத் திரும்பக் கொண்டுவருவது பற்றிப் போன இதழில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சில இங்கே.

ஐயா, என் மகன் ரேஞ்ச் மேனேஜ்மென்ட் (மேய்ச்சல் நிலப் பராமரிப்பு) படித்து முடித்துவிட்டு, ஒரு பூர்வகுடிச் சமூகம் நடத்தும் பைசன் பண்ணைக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறான். "மாடு மேய்க்கவா கனடா வந்தோம்?" என்று அவன் அப்பா இரண்டு வாரமாகப் பேசவில்லை. அது என்ன வேலை? எதிர்காலம் உண்டா?
– ஒரு வாசகி, எட்மண்டன்

அம்மா, படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போகணும் என்று திட்டு வாங்கியே வளர்ந்த தலைமுறை நாம், உங்கள் கணவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பைசனை யாரும் ஓட்டிக்கொண்டு போய் மேய்ப்பதில்லை என்பதை அவரிடம் சொல்லுங்கள். அது தன் பாட்டுக்கு மேயும். உங்கள் பையன் பார்க்கப்போவது நிலத்தை: எந்தப் பக்கம் புல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, எங்கே களை ஏறுகிறது, தண்ணீர் வருகிறதா, வேலி நிற்கிறதா, இத்தனை ஏக்கருக்கு இத்தனை உருப்படி தாங்குமா என்ற கணக்கு. அவன் படித்த படிப்பே அதுதான்.

எதிர்காலத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1992இல் ஆரம்பித்த, பைசன் வளர்க்கும் பழங்குடிகளின் கூட்டமைப்பான இன்டர்டிரைபல் பஃபலோ கவுன்சிலில் இப்போது 80க்கும் மேற்பட்ட பழங்குடிச் சமூகங்கள் இருக்கின்றன. தெற்கு டகோட்டாவில் ரோஸ்பட் பகுதி லகோட்டா மக்கள் 2020இல் சுமார் 28,000 ஏக்கரை பைசனுக்கென்றே ஒதுக்கி, வோலகோட்டா என்ற பெயரில் மந்தை வளர்க்கிறார்கள். கனடாவிலும் பூர்வகுடியினரே தங்கள் நிலத்தைக் கண்காணிக்கும் 'கார்டியன்ஸ்' திட்டத்துக்கு 2017 முதல் மத்திய அரசு பணம் ஒதுக்குகிறது. ஆக, இது ஒரு துறையாகவே வளர்ந்துகொண்டிருக்கிறது.

சம்பளத்தில் கொஞ்சம் கசப்பு உண்டு. பல இடங்களில் மானியத்தை நம்பித்தான் பதவி, மானியம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அந்தச் சமூகத்து இளைஞர்களுக்குத்தான் முன்னுரிமை, அதுதான் நியாயமும்கூட. வெளியிலிருந்து போகிறவன் பட்டத்தைக் காட்டி முதல் நாளே யோசனை சொல்ல ஆரம்பித்தால் காலம் தள்ள முடியாது. எந்த மேய்ச்சல் பகுதியை எப்போது திறப்பது, எந்த விலங்கைச் சுடுவது என்பதெல்லாம் அவர்கள் சபையும் பெரியவர்களும் எடுக்கும் முடிவு. பையனிடம் சொல்லி, மானியம் எத்தனை வருஷத்துக்கு, தங்க இடம் தருவார்களா, யாருக்குக் கீழே வேலை என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம், மைனஸ் 30 டிகிரியில் அறுந்த கம்பியைக் கட்டத் தெம்பு இருக்கிறதா என்பதை அவனே அவனைக் கேட்டுக்கொள்ளட்டும்.

கோடிக்கணக்கில் இருந்த விலங்கு எப்படி ஒரேயடியாக அழிந்தது? இப்போது எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகர், மதுரை

ஒரு காலத்தில் 3 கோடியிலிருந்து 6 கோடி வரை இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 1889இல் வில்லியம் ஹார்னடே என்ற அமெரிக்க விலங்கியலாளர் கணக்கெடுத்தபோது வட அமெரிக்கா முழுவதற்கும் சேர்த்து 1,091தான் தேறியது. ரயில் வந்தது, தோல் வியாபாரிகள் வந்தார்கள், ஆலை இயந்திரங்களின் பெல்ட்டுக்கு அந்தத் தோல் போனது. அதோடு, பைசன் ஒழிந்தால் அதை நம்பி வாழும் மக்களும் பணிந்து, 'ரிசர்வேஷன்' என்று அவர்களுக்கு ஒதுக்கிய நிலத்துக்குள் அடங்குவார்கள் என்று ராணுவ அதிகாரிகள் வெளிப்படையாகவே கணக்குப் போட்டார்கள். வேட்டை வெறி என்று மட்டும் சொல்லி இதை முடித்துவிடக் கூடாது.

மிச்சம் பிழைத்ததில் பூர்வகுடிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மொன்டானாவின் பிளாக்ஃபீட் மக்களின் நிலப் பகுதியிலிருந்து 1870களில் சில கன்றுகளை மலை தாண்டிக் கொண்டுபோய் ஃபிளாட்ஹெட் ரிசர்வேஷனில் வளர்த்தார்கள். பிறகு மிஷேல் பாப்லோ, சார்லஸ் அல்லார்ட் என்ற இருவர் கையில் அது பெரிய மந்தையானது. அந்த ரிசர்வேஷன் நிலத்தைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட அரசு முடிவு செய்ததும் மேய்ச்சலுக்கு இடமில்லாமல் போயிற்று. அமெரிக்க அரசு வாங்க முன்வராததால் 1907 முதல் கனடா வாங்கிக்கொண்டது. அந்த மந்தையில் ஒரு பகுதி போய்ச் சேர்ந்த இடம் எட்மண்டன் பக்கத்து எல்க் ஐலண்ட் தேசியப் பூங்கா. அங்கே பெருகிய வம்சத்திலிருந்து 87 கன்றுகள் 2016இல் பிளாக்ஃபீட் நிலத்துக்கே திரும்பி வந்தன. நூறு வருஷத்துக்கு மேல் சுற்றிவிட்டு வீடு வந்து சேர்ந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ஃபிளாட்ஹெட் மக்களிடமிருந்து 1908இல் எடுத்த சுமார் 18,800 ஏக்கரில்தான் அமெரிக்க அரசு 'தேசிய பைசன் புலம்' அமைத்தது. அவர்கள் வளர்த்த மந்தைக்கு வழியில்லாமல் செய்துவிட்டு, அவர்கள் நிலத்திலேயே பாதுகாப்பு! 2020 டிசம்பரில் ஒரு சட்டத்தின் மூலம் அது அவர்களிடமே திரும்பியது.

கால்நடை மருத்துவம் படிக்கிறேன். பைசனுக்குப் பிரசவம் பார்ப்பது, ஊசி போடுவது எல்லாம் மாட்டைப் போலத்தானா?
– ஒரு மாணவி, நாமக்கல்

பிரசவம் பார்க்கவே வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் தாயே மந்தையை விட்டுச் சற்று ஒதுங்கிப் போய் ஈன்றுவிடும். செம்மண் நிறக் கன்று ஓரிரண்டு மணி நேரத்துக்குள் எழுந்து நின்று கூடவே ஓடும். உதவி செய்கிறேன் என்று கிட்டே போனால் தாய் நம்மைத் தூக்கி எறிந்துவிடும். வளர்ந்த ஆண் 900 கிலோ வரை வரும், மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், நின்ற இடத்திலிருந்து ஐந்தாறு அடி உயரம் தாண்டும். அதனால் வேலியே ஆளுயரத்துக்குப் போட வேண்டியிருக்கிறது.

கிட்டே போகும் வேலை பெரும்பாலும் வருஷத்துக்கு ஒருமுறை, இலையுதிர் காலத்தில் மந்தையைக் கூட்டும்போதுதான். நீங்கள் கல்லூரியில் பார்த்த டிராவிஸ் (சிகிச்சைக்கு மாட்டை நிறுத்தும் கம்பிச் சட்டம்) இதற்குத் தாங்காது. மேலேயும் மூடிய கனமான இரும்புக் கூண்டு, அதன் முன்னால் பாய்ந்து வரும் விலங்கைத் தடுத்து நிறுத்த இன்னொரு கதவு. ஒவ்வொன்றாக உள்ளே விட்டு ரத்தம் எடுப்பார்கள், காதில் அட்டை மாட்டுவார்கள், சினை பார்ப்பார்கள், தடுப்பூசி போடுவார்கள். அன்றைக்கு அங்கே யாரும் சத்தம் போடுவதில்லை. கத்துவது, தடியால் தட்டுவது, நாயை விடுவது எதுவும் கிடையாது. பயந்த பைசன் கம்பியில் மோதிக் கொம்பை முறித்துக்கொள்ளும், ஒன்றையொன்று குத்திக்கொள்ளும். ஒன்றை மட்டும் மந்தையிலிருந்து பிரித்துத் தனியே நிறுத்தினால் இன்னும் மோசம். நல்ல பண்ணையாட்கள் வேலை முடிய ராத்திரி ஆனாலும் பரவாயில்லை என்று நிதானமாகவே தள்ளுவார்கள்.

வாலைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். தொங்கிக்கொண்டு ஈ ஓட்டினால் சரி. கேள்விக்குறி மாதிரி மேலே எழுந்து நின்றால், எந்தக் கேள்வியும் கேட்காமல் வண்டிக்குள் ஏறிவிடுங்கள்.

நோய்களில், கருச்சிதைவை உண்டாக்கும் தொற்றான புருசெல்லோசிஸ் அரசியலாகவே ஆகிவிட்டது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பைசன்களிடம் அது இருப்பதால், மாட்டுப் பண்ணைக்காரர்கள் அவை பூங்காவை விட்டு வெளியே வருவதையே எதிர்க்கிறார்கள். பூர்வகுடிகளுக்குத் தருவதற்கு முன் நீண்ட காலம் தனிமைப்படுத்திப் பரிசோதிக்கிறார்கள். மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற பாக்டீரியா வந்தால் மந்தையில் கொத்தாகச் சாவு விழும். செம்மறி ஆட்டுப் பட்டி பக்கத்தில் இருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும். செம்மறியை ஒன்றும் செய்யாத ஒரு வைரஸ், பைசனுக்குத் தொற்றினால் கொன்றுவிடும்.

உங்கள் பாடத்தில் அதிகம் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பைசன் மண்ணில் புரண்டு புரண்டு பள்ளம் பண்ணும். மழையில் அதில் தண்ணீர் தேங்கும், தவளை வரும், சுற்றிலும் வேறு செடிகள் முளைக்கும். அது புல்லையே விரும்பித் தின்பதால் பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கிறது. கான்சாஸில் கோன்சா புல்வெளியில் சுமார் 30 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், பைசன் மேய்ந்த இடத்தில் பூர்வீகத் தாவர வகைகள் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தன. மாடு மேய்ந்த இடத்தில் கூடியது அதைவிட மிகக் குறைவு. அதனால் அங்கே போகும் மருத்துவருக்கு விலங்கின் உடம்போடு புல்லின் உடம்பும் தெரிந்திருக்க வேண்டும்.

புனிதம், உறவு என்கிறார்கள். அப்புறம் சுட்டுச் சாப்பிடவும் செய்கிறார்கள். இது என்ன நியாயம்?
– ஒரு வாசகர், திருச்சி

சார், நம்மூரில் கிடாவை வளர்த்து, மாலை போட்டு, சாமிக்கு வெட்டிப் பங்கு போட்டுச் சாப்பிடுவதில்லையா? அங்கே சுடுவதற்கு முன் பிரார்த்தனை செய்து புகையிலை வைப்பார்கள். மேய்ந்துகொண்டிருக்கும் இடத்திலேயே ஒரே குண்டில் முடிக்கப் பார்ப்பார்கள். லாரியில் ஏற்றி, பயந்து நடுங்க வைத்துச் சாகடிப்பதைவிட அது மேல் என்பது அவர்கள் எண்ணம். இறைச்சி வயதானவர்கள் வீட்டுக்கும் பள்ளிச் சாப்பாட்டுக்கும் சடங்குகளுக்கும் போகிறது. வெளியே விற்கும் பண்ணைகளும் உண்டு. வேலிக்கு உள்ளே நிலம் அளவானது, மந்தையோ வருஷாவருஷம் பெருகும். எடுக்காமல் விட்டால் புல் தாங்காது.

இவற்றை நேரில் பார்க்க எங்கே போகலாம்?
– ஒரு வாசகர், கால்கரி

பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்கிறீர்களே! எல்க் ஐலண்டில் நெடுஞ்சாலை 16க்கு வடக்கே சமவெளி பைசன், தெற்கே 'வுட் பைசன்' என்ற வனப்பகுதி வகை. எட்மண்டனுக்கு வடகிழக்கே, பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வம்சத்தவரான மெட்டி மக்களே நடத்தும் மெட்டி கிராசிங்கில் வழிகாட்டியோடு பார்க்கலாம், பணமும் அவர்களுக்கே போகும். பான்ஃப் தேசியப் பூங்காவில் 2017இல் 16 பைசன்களைக் கொண்டுவந்து விட்டார்கள், ஆனால் அவை உட்புற மலைப் பகுதியில் இருப்பதால் காரில் போய்ப் பார்த்துவிட முடியாது. எங்கே போனாலும் 100 மீட்டர் தள்ளி நில்லுங்கள். குழந்தையைப் பக்கத்தில் நிறுத்தி செல்ஃபி எடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.