மருத்துவரைக் கேளுங்கள்

கேள்வி: மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சையில் இப்போது ஆபத்தே இல்லை என்கிறாள் என் 24 வயது மகள். உண்மையா? – ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சிலிக்கோன் பைகளைவிட இன்றையவை மேம்பட்டவை; உறை கிழிந்தாலும் உள்ளிருக்கும் கெட்டியான கூழ் எளிதில் பரவுவதில்லை. ஆயினும் அவை ஆயுள் முழுவதும் நீடிப்பவை அல்ல என்பதால், பிற்காலத்தில் மறு அறுவை தேவைப்படலாம். சொரசொரப்பான உறை கொண்ட சில வகைகள், அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயுடன் தொடர்புடையவை எனத் தெரிந்ததால், 2019இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. எனக்குப் பெருங்கவலை தருபவை மார்பகத்தைப் பெரிதாக்க அழகு நிலையங்களில் போடப்படும் ஊசிகளே; அவற்றை அறவே தவிர்க்கச் சொல்லுங்கள். தேசிய நிபுணத்துவ மருத்துவர் பதிவேட்டில் பெயருள்ள பிளாஸ்டிக் அறுவை நிபுணரிடம் மகளுடன் நீங்களும் சென்று, உறையின் வகையையும் தொடர் பரிசோதனைகளையும் கேட்டறியுங்கள்.