பரம்பரைச் சீனியும் பிள்ளையின் பசியும் – வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா,

உடற்பருமனுக்கும் சீனி வருத்தத்துக்கும் (நீரிழிவுக்கும்) உள்ள மரபணுக் காரணங்களை ஆராயும் கேம்பிரிட்ஜ் மருத்துவ ஆய்வாளர் ஸ்டீபன் ஓ'ராஹிலி பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். வாசித்த பிறகு மனம் அமைதியாக இல்லை. என் மகள் தரம் 10இல் படிக்கிறாள். சிறு வயதிலிருந்தே உடம்பு கூடிய பிள்ளை. உறவினர் ஒருவரின் சாமத்தியவீட்டில், எல்லோரும் சாப்பிடும் இடத்தில் வைத்து, "வாயைக் கட்டத் தெரியாத பிள்ளை" என்று ஒரு மாமி சொன்னார். அன்றிலிருந்து அவள் எந்த விசேஷத்துக்கும் வர மறுக்கிறாள். என் அம்மாவுக்குச் சீனி வருத்தத்தால் ஒரு காலை எடுத்தார்கள். வெல்லாவெளியில் வயல் செய்யும் அண்ணன் மெலிந்த ஆள், அவருக்கும் சீனி. எல்லாம் மரபணுவில் இருக்கிறது என்றால் சோற்றைக் குறைத்தும் நடந்தும் என்ன பயன்? இங்கிலாந்தில் இரண்டு பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி, விடியமுன் கிளினிக்கில் நம்பர் எடுக்கக் காத்திருக்கும் எங்களுக்கு எதற்கு?

ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளைப் பற்றி முதலில் பேசுகிறேன். மற்றக் கேள்விகள் கொஞ்சம் பொறுக்கலாம்.

அந்த மாமி சொன்னது தவறு. சபையில் சொன்னது பண்பில்லாத செயல் என்பது ஒருபுறம் இருக்க, மருத்துவ அறிவின்படியும் அது தவறு. அதை நிரூபித்தவை நீங்கள் கேட்கும் அந்த இரண்டு பிள்ளைகளின் உடல்கள்தான்.

1994இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வுக்கூடம் எலிகளில் லெப்டின் என்ற ஓமோனைக் கண்டுபிடித்தது. உடலின் கொழுப்பிலிருந்து சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்கு அறிவிப்பது அது. மனிதரிலும் அது அவ்வாறே இயங்குகிறதா என்பது அப்போது தெரியாது. கேம்பிரிட்ஜ் குழுவிடம் வந்த பிள்ளைகள் பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பத்தினர். சொந்தத்துக்குள் திருமணம் செய்த குடும்பம். எட்டு வயதுச் சிறுமி 86 கிலோ. அவளுடைய உறவுமுறைத் தம்பிக்கு இரண்டு வயது, 29 கிலோ. இருவரும் பிறந்தபோது சாதாரண நிறையே இருந்தது. பால் குடிக்கும் பருவத்திலேயே தீராத பசி தொடங்கியது. அவ்வளவு கொழுப்பு இருந்தும் இரத்தத்தில் லெப்டின் இல்லையென்றே சொல்லலாம். ஒரு மரபணுவில் ஏற்பட்ட பிழை அது. 1997இல் ஓ'ராஹிலியின் குழு இதை வெளியிட்டது. பின்னர் அவரும் அவருடன் பணியாற்றிய மருத்துவர் சடாஃப் ஃபாரூக்கியும் அந்தச் சிறுமிக்கு லெப்டினை ஊசியாகக் கொடுத்தார்கள். ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. அவளைக் கண்டித்துத் திருத்தியதால் குறைந்ததல்ல. மூளைக்குப் போக வேண்டிய செய்தி போனது, பசி தானாக அடங்கியது.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். 2010இல் அதே நகரத்துக் குழு, மிக இளம் வயதிலேயே கடுமையான உடற்பருமன் கொண்ட 300 பிள்ளைகளை ஆராய்ந்தபோது, சிலருக்கு மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்களில் 16ஆவதில் ஒரு சிறு துண்டே இல்லாதிருந்தது. அந்தப் பிள்ளைகளில் சிலரை அரசின் சமூகசேவைப் பிரிவு "ஆபத்தில் உள்ள பிள்ளைகள்" என்று பதிவேட்டில் சேர்த்திருந்தது. பெற்றோர்தான் அளவுக்கு மீறி ஊட்டிக் கெடுத்தார்கள் என்ற சந்தேகம். சோதனை முடிவு வந்த பிறகு அந்தப் பெயர்கள் நீக்கப்பட்டன. அந்தத் தாய்மார் அதுவரை பட்ட அவமானத்தை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

உங்கள் மகளுக்கு லெப்டின் குறைபாடு என்று நான் சொல்லவில்லை. அது மிக மிக அரிது. 1998இல் கேம்பிரிட்ஜிலும் பாரிஸிலும் கண்டறியப்பட்ட எம்சி4ஆர் மரபணுப் பிழை அதைவிட அதிகம். கடுமையான இளவயதுப் பருமன் உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேரிடம் காணப்பட்டது. மற்றப் பெரும்பாலானோரிடம் வேலை செய்பவை பல சிறிய வேறுபாடுகள். 2007இல் தெரியவந்த, எஃப்டிஓ என்ற மரபணுவில் உள்ள வேறுபாடு அவற்றில் ஒன்று. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த வேறுபாட்டைப் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சராசரியாக மூன்று கிலோ கூட இருக்கிறார்கள். இப்படியான மரபணுக்களில் பல மூளையில், பசியையும் நிறைவையும் தீர்மானிக்கும் இடத்தில்தான் இயங்குகின்றன. ஒரே பந்தியில் ஒரே சோற்றுக்கு முன் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்குப் பசி ஒன்றல்ல. பசி குறைந்த பிள்ளைக்கு "வாயைக் கட்டுவது" இலகு. அதை அவளுடைய ஒழுக்கம் என்று நாம் மெச்சுகிறோம், மற்றவளைப் பழிக்கிறோம்.

இனி உங்கள் அண்ணன். மெலிந்தவருக்கு ஏன் சீனி என்பதில் ஓ'ராஹிலியின் குழுவுக்கு நீண்டகால ஈடுபாடு உண்டு. 1999இல் அவர்கள் பிபிஏஆர்ஜி என்ற மரபணுவில் பிழையுள்ள சிலரைக் கண்டார்கள். கொழுப்புக் கலங்களை உருவாக்கும் மரபணு அது. அவர்களுக்கு, இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்தும் ஓமோனான இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இருந்தன. இதிலிருந்தும் இதன் பின் வந்த ஆய்வுகளிலிருந்தும் தெளிவானது இதுதான்: தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு நம் நெற்களஞ்சியம் மாதிரி. களஞ்சியம் சிறிதானால் விளைச்சல் வெளியே கொட்டும். உடலில் அது கொட்டும் இடங்கள் ஈரலும் தசையும். அங்கே கொழுப்புச் சேர்ந்தால் இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காது. அண்ணனுக்கு அந்த அரிய பிழை இருக்க வேண்டும் என்பதில்லை. தெற்காசியர் பலருக்குக் களஞ்சியமே சிறியது. புனேயில் யாஜ்னிக் என்ற மருத்துவர் 2003இல் காட்டியது போல, அங்கே சராசரியாக 2.7 கிலோவில் பிறந்த குழந்தைகள், 3.5 கிலோவில் பிறந்த ஆங்கிலேயக் குழந்தைகளைவிட மெலிந்திருந்தும், அந்த உடம்புக்குக் கொழுப்பின் பங்கு அதிகம். ஆகவே தராசை நம்பாமல் அண்ணனின் இடுப்பை நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். நம்மவர்களில் ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லைகள்.

அப்படியென்றால் நடந்து என்ன பயன் என்று கேட்கிறீர்கள். இதற்கு ஆங்கிலேயரின் உடம்பிலிருந்து பதில் தேட வேண்டியதில்லை. சென்னையில் ராமச்சந்திரன் குழு, சீனி எல்லைக்கு வந்துவிட்டவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டது. வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 55 வீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவை மாற்றி, நாள்தோறும் அரை மணி நேரமாவது நடந்தவர்களில் 39 வீதம். இரு பிரிவினரும் ஒரே நாட்டு மக்கள், ஒரே விதமான மரபணுக்கள். வந்தே தீரும் என்று பரம்பரை சொல்லவில்லை; நம் வீட்டில் சீக்கிரமாகக் கவனிக்கத் தொடங்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது.

எங்களுக்கு எதற்கு என்ற கேள்விதான் எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. இலங்கையின் முதல் பெரிய நீரிழிவுக் கணக்கெடுப்பு 2005, 2006ஆம் ஆண்டுகளில் ஒன்பது மாகாணங்களில் ஏழில் மட்டும் நடந்தது. யுத்தம் நடந்த வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. வளர்ந்தோரில் 10.3 வீதம் என்று சொன்ன அந்த எண்ணில் உங்கள் மட்டக்களப்பும் இல்லை, அம்பாறையும் இல்லை. 2018–19 ஆய்வு நாடு முழுவதற்கும் 23 வீதம் என்று சொல்கிறது. உலக மரபணு வேறுபாடுகளைத் தொகுத்து 2015இல் நிறைவுற்ற ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் இலங்கைத் தமிழர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. இரத்தம் கொடுத்தவர்கள் பிரித்தானியாவில் வாழ்பவர்கள். நம் வாவிக்கரை மக்கள் ஆய்வுகளுக்குள் வர வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு, ஆய்வே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த உரிமையும் போய்விடும். 2023 டிசம்பரில் ஓ'ராஹிலி பங்கெடுத்து வெளிவந்த ஆய்வு, கர்ப்பிணிகளின் கடும் வாந்திக்கு ஜிடிஎஃப்15 என்ற ஓமோனைக் காரணம் காட்டியது. அதில் இலங்கை ஆய்வாளர்களும் இருந்தார்கள். பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயால் அந்த ஓமோன் ஏற்கெனவே உயர்ந்திருக்கும் பெண்களுக்குக் கர்ப்பத்தில் குமட்டல் மிகக் குறைவு என்பது அந்த ஆய்வின் முக்கியமான சான்று. "எல்லாம் மனப்பிரமை" என்று ஏச்சு வாங்கிய எத்தனையோ பெண்களுக்கு அது பதில்.

மகளை ஒரு பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள். ஐந்து வயதுக்கு முன்பே நிறை வேகமாக ஏறியதா, பசி எப்போதும் இருந்ததா, நீங்களும் கணவரும் சொந்தத்துக்குள் முடித்தவர்களா என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மச்சான் மச்சாள் திருமணம் நம்மிடையே வழக்கம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் வைத்தியருக்கு அது தேவையான விபரம். அம்மாவின் கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். வெறும் வயிற்றுச் சீனி, தைரொயிட் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் சாப்பாட்டை மாற்றுவதாயிருந்தால் எல்லோருக்கும் மாற்றுங்கள். அவளுடைய கோப்பையில் மட்டும் சோற்றைக் குறைக்காதீர்கள்.

அடுத்த விசேஷத்துக்கு அவள் வர விரும்பினால் அவளுக்குப் பக்கத்திலேயே இருங்கள். அந்த மாமி மறுபடி வாயைத் திறந்தால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மகளுக்கு என் அன்பைத் தெரிவியுங்கள்.